புது ஸ்டேடியம் கட்டினால் கூட்டம் தானாக வருமா?

நொய்யல்கரை

வணக்கமுங்க. ஒண்டிப்புதூர்த் திறந்தவெளிச் சிறை நிலத்தில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரப்போகிறது என்று 2024இல் அறிவிப்பு வந்ததிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடையில் இதே பேச்சுதான். நான் அந்த ஏரியாக்காரன், மைதானம் வந்தால் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நல்லா கட்டிட்டா போதும், கூட்டம் தானா வரும்" என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள். டிவியில் நான் பார்த்தது அப்படி இல்லையே.

அகமதாபாத்தில் 1,32,000 பேர் உட்காரலாம், உலகத்திலேயே பெரிய கிரிக்கெட் மைதானம். 2023 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கேதான், இங்கிலாந்தும் நியூசிலாந்தும். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் காலி நாற்காலி. அதே மைதானத்தில்தான் 2022 ஐபிஎல் இறுதிப் போட்டிக்கு 1,01,566 பேர் வந்து கின்னஸ் சாதனை ஆனது. திருவனந்தபுரத்தில் 2023 பொங்கலன்று கோலி 166 நாட் அவுட், இலங்கை 73க்கு ஆல் அவுட், 317 ரன் வித்தியாசத்தில் உலக சாதனை வெற்றி, அன்றைக்கும் கேலரி பாதிக்கு மேல் காலி. அழகான மைதானம், 2015இல்தான் திறந்தார்கள். ஒருநாள் கிரிக்கெட்டே செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங் அன்று கேட்டிருந்தார்.

இந்தப் பக்கம் டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக் பாருங்கள். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில் ஒரு கல்லூரி மைதானம், பெரிய வசதி எதுவும் கிடையாது, ஜே ஜே என்று கூட்டம்.

அப்படியென்றால் ஸ்டேடியம் எவ்வளவு தூரம் காரணம், மற்றதெல்லாம் எவ்வளவு? வெளியூர், வெளிநாட்டில் மைதானங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கிரிக்கெட்தான் என்றில்லை, எந்த விளையாட்டானாலும் சரி.

வாலாஜாரோடு

சேப்பாக்கத்தை வைத்துச் சொல்கிறேன், சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கிற இடம்.

பழைய ஸ்டேடியத்தில் கூரையைத் தாங்கப் பெரிய பெரிய தூண்கள் நிற்கும். தூணுக்குப் பின்னால் சீட் மாட்டினால் பவுலர் ஓடி வருவது தெரியும், பந்து எங்கே போனது என்று பக்கத்து ஆள் சொல்லித்தான் தெரியும். காற்று வராது, புழுக்கம். அப்படியிருந்தும் கூட்டம் நிரம்பி வழிந்த மைதானம் அது. 1999இல் பாகிஸ்தான் ஜெயித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்களே, 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 387 ரன்னை சச்சின் சதத்தோடு எட்டிப்பிடித்தோமே, இரண்டுமே அந்தத் தூண் ஸ்டேடியத்தில்தான். அப்புறம் 2011 உலகக் கோப்பைக்காக இடித்துக் கட்டினார்கள். மேலே வெள்ளைத் துணி மாதிரி இலேசான கூரை, ஸ்டாண்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே கடற்காற்று நுழைய இடைவெளி. மத்தியானத்துக்கு மேல் மெரினா பக்கமிருந்து காற்று திரும்பினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியும். வசதியில் பழையதற்கும் புதியதற்கும் ஒப்பே கிடையாது.

ஆனால் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் கட்டட அனுமதித் தகராறில் பல வருடம் பூட்டிக் கிடந்தன. கிட்டத்தட்ட 12,000 சீட். டிவியில் பார்க்கிறவன் காலி சீட்டைப் பார்த்துவிட்டு சென்னையில் கிரிக்கெட் பார்க்க ஆள் இல்லையோ என்று நினைப்பான். வெளியே டிக்கெட் கிடைக்காமல் ஆட்கள் அலைந்துகொண்டிருப்பார்கள், உள்ளே அத்தனை இடமும் பூட்டு. 2016 டி20 உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னைக்குக் கிடைக்காமல் போனதற்கும் இந்தப் பூட்டுதான் காரணம். ஆகவே டிவியில் தெரிகிற காலி இடத்தை வைத்து ஊரை எடை போட வேண்டாம்.

என்னைக் கேட்டால் சேப்பாக்கம் நிரம்புவதற்கு முதல் காரணம் அது ஊருக்கு நடுவில் இருப்பது. பறக்கும் ரயில் நிலையம் மைதானத்தின் பெயரிலேயே பக்கத்தில் நிற்கிறது, அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடந்தே வந்துவிடலாம், திருவல்லிக்கேணி மேன்ஷன் பையன்களுக்கு வாசலிலேயே மைதானம். 2023 ஐபிஎல்லிலிருந்து மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ இலவசம் என்று வைத்தார்கள், நான் பார்த்தவரை அந்த ஒரு ஏற்பாடு கூட்டத்தை மாற்றிவிட்டது. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கமிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். புதுக் கூரை போட்டபோதுகூட இப்படி ஒரு மாற்றத்தை நான் பார்க்கவில்லை.

கஹுஞ்சே_வாசி

மேலே சொன்ன அண்ணனின் கருத்தை அப்படியே மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். வேலைக்காகப் புனேயில் இருக்கிறேன். இங்கே கஹுஞ்சேயில் 2012இல் திறந்த மைதானம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று, சேப்பாக்கத்தைப் புதுப்பித்த அதே ஹாப்கின்ஸ் நிறுவனம்தான் இதையும் வடிவமைத்தது. ஒரே கை, இரண்டு ஊர். சேப்பாக்கம் ஊர் நடுவில், கூரையோடு. கஹுஞ்சே மும்பை எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில், ஊரை விட்டு வெளியே, கேலரியில் பெரும்பகுதிக்கு மேலே வெறும் வானம்.

ஐபிஎல், டி20 என்றால் சாயங்காலம், ஆபீஸ் முடித்துக் கார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டெஸ்ட்தான் சோதனை. 2024 அக்டோபரில் நியூசிலாந்து டெஸ்ட் முதல் நாளே குடிதண்ணீர் தீர்ந்துபோய், வெயிலில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் கோஷம் போட்டதும் மாநில கிரிக்கெட் சங்கம் மன்னிப்புக் கேட்டதும் எல்லாப் பேப்பரிலும் வந்தது. பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள், பையையும் விடமாட்டார்கள், அப்படியென்றால் உள்ளே தண்ணீர் கொடுப்பது மைதானத்தின் கடமைதானே? கூரை இல்லாத கேலரியில் நாற்காலியே கொதிக்கும். தொப்பியை நனைத்துப் போட்டுக்கொள்ளக்கூட வழியில்லை என்றால் இரண்டாம் நாள் யார் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்?

நாக்பூரிலும் இதே கதை. ஊருக்குள் இருந்த பழைய மைதானத்தை விட்டுவிட்டு வார்தா ரோட்டில் ஜம்தாவில் கட்டினார்கள். 2008இல் அங்கே நடந்த முதல் டெஸ்ட், ஆஸ்திரேலியாவோடு, கங்குலியின் கடைசி டெஸ்ட் வேறு. அதற்கே கேலரி வெறிச்சோடிக் கிடந்தது. 2019இல் கோலி, டெஸ்ட் நடத்த ஐந்து ஊர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதன் பின்னணியே இந்தக் காலி கேலரிகள்தான். அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை, சின்ன ஊர்க்காரனும் டெஸ்ட் பார்க்கட்டும். ஆனால் ஊருக்கு வெளியே நிலம் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அங்கே போய்க் கட்டுவதை நிறுத்த வேண்டும்.

மூன்றாம்_வரிசை

வெளியே கட்டுவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம் மும்பைக்கு வெளியேதான். 2025 நவம்பர் 2 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி அங்கேதான் நடந்தது. மழையால் இரண்டு மணி நேரம் தாமதம், ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, ஒரு ஜனம் நகரவில்லை. ஹார்பர் லைன் ரயில் அந்தப் பக்கமாகப் போகிறது, அதனால் "எப்படித் திரும்பிப் போவோம்" என்ற பதற்றம் குறைவு. அந்தத் தொடருக்கு டிக்கெட்டே 100 ரூபாயிலிருந்து வைத்தார்கள். சின்னப் பெண் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு ஜெர்சி போட்டுக்கொண்டு வந்திருந்ததை டிவியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு பெண்ணாக நான் கேட்கிற முதல் கேள்விகள் வேறு, ஸ்டேடியம் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அப்புறம். கேலரிக்குப் பக்கத்தில் கழிவறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா? ஆட்டம் முடிந்து 11 மணிக்கு மேல் பஸ் நிற்கிற இடம் வரை வெளிச்சம் இருக்கிறதா? நான் போன ஒரு மைதானத்தில் (எது என்று வேண்டாம்) பெண்கள் கழிவறை ஒரு முனையில் மட்டும்தான், இடைவேளையில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. என் அக்கா மகள் பாதி ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்று அழுதுவிட்டாள். அப்புறம் அவளை வா என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. எல்.ஈ.டி. விளக்குக்கும் ராட்சதத் திரைக்கும் கோடிக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இதற்கு ஒரு பிளம்பரை நிரந்தரமாக வைக்கலாம்.

டிக்கெட் விஷயமும் பேசியே ஆக வேண்டும். 2023 உலகக் கோப்பைக்கு அட்டவணையே 100 நாள் முன்புதான் வந்தது, அதிலும் ஆகஸ்டில் சில தேதிகளை மாற்றினார்கள். டிக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், ஆன்லைனில் போனால் வரிசையில் லட்சம் பேர் என்று காட்டும், கடைசியில் விற்றுத் தீர்ந்தது என்று வரும். ஆட்டத்தன்று பார்த்தால் சீட் காலி. ஓசி பாஸ் வாங்கியவர் எல்லாரும் வந்துவிடுவதில்லை, ஆசையோடு வரக்கூடியவனுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. இருந்தும் அந்த உலகக் கோப்பைக்கு மொத்தம் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் வந்தார்கள், அதுவரை நடந்த ஐசிசி தொடர்களிலேயே அதிகம். நம் ஜனத்துக்கு ஆர்வம் குறையவே இல்லை, உள்ளே வருகிற வழியைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கல்லாங்_கேலரி

சிங்கப்பூரிலிருந்து. இதுவரை எழுதியவர்கள் கேட்ட எல்லாமே எங்கள் கல்லாங் தேசிய மைதானத்தில் இருக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலில், அதன் பெயரே ஸ்டேடியம். மழை வந்தால் மூடிக்கொள்ளும் கூரை, சீட்டுக்கு அடியிலிருந்து குளிர்காற்று, சுத்தமான கழிவறை, 55,000 சீட். 2014இல் திறந்தார்கள். சரி, நிரம்புகிறதா? டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச்சில் ஆறு இரவு பாடினார், ஆறு இரவும் நிரம்பியது. 2014இல் பிரேசில் வந்து ஜப்பானோடு ஆடியபோது, நெய்மார் நாலு கோல் போட்ட ஆட்டம், 50,000 பேருக்கு மேல். எங்கள் சிங்கப்பூர் அணி ஆடினால் பெரும்பாலும் மேல் அடுக்கு காலி. சில ஆட்டங்களை ஜாலான் புசார் மைதானத்துக்கே கொண்டுபோய்விடுகிறார்கள், அங்கே 6,000 பேர்தான் உட்காரலாம். சத்தம் என்னவோ அங்கேதான் நன்றாக இருக்கிறது.

பழைய கல்லாங் ஸ்டேடியம் 1973இல் கட்டியது. மரப் பலகை பெஞ்சு, கூரை ஒரு பக்கம் மட்டும். மலேசிய மாநில அணிகளோடு ஆடுகிற மலேசியா கோப்பைக் கால்பந்து ஆட்டம் என்றால் மத்தியானமே போய் இடம் பிடிக்க வேண்டும், மழை வந்தால் நனைந்துகொண்டே பார்ப்போம். ஃபண்டி அகமதும் நம்ம சுந்தரமூர்த்தியும் ஆடிய காலம். சுந்தரம் காலில் பந்து வந்தால் என் மாமா பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றுவிடுவார். அந்தச் சத்தத்துக்கே கல்லாங் ரோர் (கல்லாங் கர்ஜனை) என்று பெயர். 1994இல் கோப்பையை வென்ற கையோடு சிங்கப்பூர் அந்தப் போட்டியிலிருந்து விலகியது, உள்நாட்டு லீக் தொடங்கினார்கள், ஜோகூர்க்காரனோடும் பகாங்காரனோடும் இருந்த அந்தப் பகை, அந்தக் கேலி, எல்லாம் போய்விட்டது. கூட்டமும் அதோடு போய்விட்டது. அத்தனை கோடி செலவில் கட்டிய கூரையால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

ஆகவே, தம்பி, யார் ஆடப்போகிறார்கள், யாருக்கு எதிராக, வருடத்துக்கு எத்தனை முறை என்று முதலில் கேளுங்கள்.

உக்கடம்_உதை

கல்லாங் அண்ணன் சொன்னதற்கு நம்ம கோயமுத்தூரிலேயே சாட்சி இருக்கிறது, எல்லாரும் மறந்துவிட்டோம். 2018-19 ஐ-லீக் கால்பந்து. சென்னை சிட்டி எஃப்சி, பெயர் சென்னை என்றாலும் சொந்த மைதானம் நம்ம நேரு ஸ்டேடியம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல்.

நேரு ஸ்டேடியம் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கடைகள், உள்ளே ஓட்டப்பந்தய டிராக், அதற்கப்பால் கால்பந்துத் தரை, அதனால் கோல் போஸ்ட் தூரத்தில் தெரியும். சிமெண்டுப் படி. வெயிலில் காய்ந்த படியில் பேப்பரை விரித்துப் போட்டு உட்காருவோம், எழுந்தால் பேண்ட்டில் அச்சு ஒட்டியிருக்கும். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கோப்பை. ஆரம்பித்த மூன்றாவது நிமிடமே அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு இரண்டாம் பாதியில் மான்சியின் பெனால்டி, கௌரவ் போரா இரண்டு, 3-1. அன்றைக்குக் கேலரியில் இருந்த சத்தத்தைக் கேட்டிருந்தால் இந்த ஊருக்கு மைதானம் வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், மில் தொழிலாளி, காலேஜ் பசங்க, உக்கடம் கரும்புக்கடைப் பக்கத்துக் குட்டிப் பசங்க, எல்லாரும் இருந்தார்கள்.

சில வருடத்தில் அந்த அணியே இல்லாமல் போனது. ஸ்டேடியம் அங்கேயேதான் இருக்கிறது, படிக்கட்டும் இருக்கிறது. பார்க்க ஆட்டம் இல்லை. கிரிக்கெட் மைதானத்துக்கும் எனக்கு இதே பயம்தான். சர்வதேச ஆட்டங்களை வாரியம் ஊர் ஊராகச் சுற்றித்தான் கொடுக்கும், நமக்கு வருடத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது. மீதி நாளெல்லாம் யார் ஆடுவது?

பந்துமறை

இந்த விஷயத்தை அமெரிக்க பேஸ்பால்காரர்கள் ரொம்ப நாளாக அலசியிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே ஒரு அணி வருடத்துக்கு 81 ஆட்டம் சொந்த மைதானத்தில் ஆடும், கணக்குப் பார்க்க வசதி. அவர்கள் கண்டது, புது மைதானத்துக்கு முதலில் ஒரு ஏற்றம் இருக்கும், புதிதாகத் திறந்த ஓட்டலுக்கு வருகிற மாதிரி, அப்புறம் வருடா வருடம் வடியும். எவ்வளவு சீக்கிரம் வடியும் என்பது அணியின் கையில். மியாமியில் மார்லின்ஸ் அணிக்கு 2012இல் கூரையோடு புது மைதானம், முதல் வருடம் 22 லட்சம் பேர். அந்த சீசன் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுத் தள்ளினார்கள். அடுத்த வருடமே 16 லட்சத்துக்கும் கீழே போனது.

பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் இன்னும் நல்ல பாடம். 1992இல் ஊர் நடுவில் பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் கட்டினார்கள், பழைய செங்கல் கிடங்கை இடிக்காமல் மைதானத்தோடு சேர்த்தே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கா முழுக்க அதைப் பார்த்துத்தான் அதன்பின் மைதானம் கட்டினார்கள். முதல் வருடம் 35 லட்சம் பேர். ஆனால் 1998இலிருந்து 14 வருடம் தொடர்ச்சியாக அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். 2019இல் வந்தவர்கள் சுமார் 13 லட்சம். இடமும் அழகும் அப்படியேதான் இருந்தன.

இன்னொன்று, இதைத்தான் கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அளவு. இத்தாலியில் யுவென்டஸ் அணி 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. 69,000 சீட், சுற்றிலும் ஓடுபாதை, ஆட்டக்காரர்கள் எறும்பு அளவில் தெரிவார்கள். இத்தாலியின் பெரிய அணி, ஆனால் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு 237 பேர் வந்த நாளும் உண்டு. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011இல் ஏறக்குறைய 41,000 பேருக்கு மட்டும் கட்டினார்கள், முதல் வரிசை கோட்டிலிருந்து ஏழரை மீட்டரில். கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டமும் நிரம்ப ஆரம்பித்தது. எப்போது போனாலும் இடம் கிடைக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்க மாட்டான். இடம் குறைவு என்றால் சீசன் டிக்கெட்டே எடுத்து வைத்துக்கொள்வான்.

அதனால் ஒரு லட்சம் இரண்டு லட்சம் என்று யாராவது ஆசை காட்டினால் தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள். 25,000, 30,000 போதும், அதை நெருக்கமாக, நிழலாகக் கட்டட்டும்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நேரு ஸ்டேடியம் விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது, நானும் அந்த சீசனில் போயிருக்கிறேன்.

ஒண்டிப்புதூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றால், திருச்சி ரோட்டில் ஊரின் கிழக்கு முனை. கஹுஞ்சே அளவுக்கு வெளியே இல்லை, வீடுகள் இருக்கிற பகுதிதான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம். ஆனால் திருச்சி ரோடு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், மெட்ரோ பற்றிப் பேசும்போதெல்லாம் அவிநாசி ரோட்டையும் சத்தி ரோட்டையும்தான் சொல்கிறார்கள். 30,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் எப்படி என்று யாராவது யோசித்திருக்கிறார்களா தெரியவில்லை.

வாலாஜாரோடு

அப்படியென்றால் ரயிலைப் பிடியுங்கள். உங்களுக்கு இருகூர் ஜங்ஷன் இருக்கிறது, சிங்காநல்லூர் ஸ்டேஷன் இருக்கிறது, இரண்டும் தூரமில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் கோவை ஜங்ஷனுக்கும் திருப்பூர் ஈரோடு பக்கமும் ஆட்டம் முடிந்த பிறகு ஒரு ஸ்பெஷல் வண்டி, டிக்கெட்டோடு சேர்த்தே. திருப்பூர் பனியன் கம்பெனிப் பசங்க ஷிப்ட் முடித்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். சென்னையில் மெட்ரோவோடு பேசி ஏற்பாடு செய்ய முடிந்தது, அங்கேயும் முடியும். மைதானம் கட்டி முடித்த பிறகு கேட்டால் ஆகாது, திட்ட அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் ஏரியா கவுன்சிலர், எம்எல்ஏ இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனு போடுங்கள், வாசகம் எழுத உதவி வேண்டும் என்றால் இங்கேயே கேளுங்கள்.

மூன்றாம்_வரிசை

மனுவில் கழிவறையையும் சேருங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தனியாக.

உக்கடம்_உதை

உள்ளூர் லீக் ஆட்டம், பள்ளி ஆட்டம், பெண்கள் ஆட்டம் வருடத்துக்கு இத்தனை நாள் அங்கே நடக்க வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் இந்த ஞாயிறு சிங்காநல்லூர்ப் பக்கம் வருகிறேன், மனு தயாராக இருந்தால் நானும் நாலு தெருவுக்குப் போய்க் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.